விளக்கை ஆளும் இரண்டு கம்பிகள்

(ஏற்காட்டில் மின்பணியாளர்களும் விடுதி நடத்துவோரும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வணிகக் கட்டடங்களில் விளக்குகளை ஒன்றோடொன்று இணைத்து, ஓரிடத்திலிருந்து ஆளுகிற ஒயரிங். பெரிய விடுதி, மருத்துவமனை, அலுவலகம், கூட்ட அரங்கு, எதுவானாலும் இந்தப் பேச்சு அதற்குப் பொருந்தும்.

ஒரு விடுதி திறப்பு விழாவை எண்ணிப் பாருங்கள். வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் சாப்பாட்டுக் கூடத்தின் விளக்குகள் மெல்ல மங்குகின்றன. இன்னொரு முறை தொட்டால் கூட்ட அரங்கு பளிச்சென்று ஒளிர்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அந்தத் திரையைப் பாராட்டுகிறார்கள். நான் கேட்கிறேன், அந்தத் திரையா விளக்கை ஆளுகிறது? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பைப்புக்குள், யார் கண்ணிலும் படாமல் ஓடுகின்றன இரண்டு மெல்லிய கம்பிகள். அவை சரியாக இருந்தால் திரைக்கு மரியாதை. அவை பழுதானால் அந்தத் திரை வெறும் கண்ணாடி. அந்த இரண்டு கம்பிகள் யார் கையில் இருக்கின்றன? இழுப்பவர் கையில் இருக்கின்றன! இந்த ஒன்றைச் சொல்லத்தான் நான் மலையேறி வந்திருக்கிறேன்.

விளக்கை ஆளுவது நமக்குப் புதிய கலையா? இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு சாலையில் வருகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அந்த வாசலிலிருந்துதான் வெளியே வந்தது. வண்ணப்படத்துக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். அந்தக் காலத்துப் படப்பிடிப்புத் தளங்களில் லைட்மேன்கள் பெரிய பெரிய விளக்குகளின் பக்கத்தில் நின்று, குரல் கேட்டுத் திருப்புவார்கள், குரல் கேட்டு அணைப்பார்கள். விளக்குக்குக் கட்டளை மனிதக் குரலில் போய்ச் சேர்ந்தது.

பிறகு கட்டளை கம்பியில் ஏறியது. 1986-ல் அமெரிக்க நாடக மேடைத் தொழில்நுட்ப வல்லுநர்கள் டிஎம்எக்ஸ் 512 என்ற முறையை வகுத்தார்கள். ஒரே கேபிளில் 512 கட்டளை வழிகள். 1990களின் இறுதியில் ஐரோப்பாவின் விளக்குத் தொழிற்சாலைகள் சேர்ந்து கட்டடங்களுக்கென்று டாலி என்ற முறையை உருவாக்கின. அது ஐஈசி 62386 என்ற உலகத் தரமாக நிலைபெற்றது. இன்று நான் அதிகம் பேசப்போவது இந்த டாலியைப் பற்றித்தான். ஏனென்றால் கட்டடத்துக்குள் ஒயர்மேன் கையாள வேண்டிய இரண்டு கம்பிகள் அவைதான்.

“சென்னையின் கண்ணாடிக் கோபுரங்களுக்குச் சரி, நம் மலைக்கு இது எதற்கு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: சமவெளியைவிட நமக்குத்தான் இது அதிகம் தேவை.

ஏன்? முதலில் பனிமூட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். காலை பத்து மணிக்குச் சன்னல் முழுக்க வெயில். சற்று நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வருகிறது, அறை இருண்டு போகிறது. ஓடிப்போய் சுவிட்சைப் போடுகிறார்கள். மூட்டம் கலைகிறது. போட்ட சுவிட்சை அணைக்க யாரும் ஓடுவதில்லை! விளக்கு மாலை வரை வெயிலோடு போட்டி போட்டு எரிகிறது.

அடுத்தது கூட்டம். மே மாதக் கோடை விழாவிலும் சனி, ஞாயிறுகளிலும் இங்கே அறை கிடைக்காது. செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், ஒரு தளத்தில் ஓர் அறையில் மட்டும் ஆள் இருப்பார். நடைவழி விளக்குகளோ சனிக்கிழமைபோலவே எல்லாமும் எரியும். ஒரு கணக்குப் போடுவோம். நடைவழிகளில் 10 வாட் விளக்கு 40. இரவில் 12 மணி நேரம் எரிகின்றன. ஓர் இரவுக்கு 4.8 யூனிட். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை, ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஐந்தில் ஒரு பங்கு ஒளிக்கு இறக்கிவைத்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 1.9 யூனிட் மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 யூனிட். இது நடைவழிக்கு மட்டும்! விருந்தினர் கதவைத் திறந்ததும் விளக்கு தானே உயர்கிறது. அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

இது என் கணக்கு மட்டுமா? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், வணிகக் கட்டடங்களில் விளக்குக் கட்டுப்பாடு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆள் இருப்பதை உணர்ந்து இயங்கும் சென்சாரால் விளக்குச் செலவில் சராசரியாக 24 சதவீதம் மிச்சம், பகல் வெளிச்சத்துக்கேற்ப மங்கச் செய்வதால் 28 சதவீதம், பல வழிகளைச் சேர்த்துக் கையாண்டால் 38 சதவீதம் என்றது அந்த அறிக்கை. டெல்லியில் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவனை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கட்டடம். வெளிச்சத்தை அளக்கும் சென்சார்களோடு, சதுர மீட்டருக்கு 5 வாட் அளவிலேயே விளக்கு அமைத்தார்கள். நம் நாட்டுக் கைகள்தான் அந்தக் கம்பிகளையும் இழுத்தன.

சரி, தொழிலுக்கு வருவோம்.

பழைய ஒயரிங்கில் ஒரு விளக்குக்கு மின்சாரம் போகும் வழியும், அதற்குக் கட்டளை போகும் வழியும் ஒன்றே. சுவிட்ச் ஃபேஸை வெட்டும், சேர்க்கும். எந்த விளக்கு எந்த சுவிட்சுக்கு என்பதைக் கம்பி முடிவு செய்துவிடும். பிறகு மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். ஒளியைக் கூட்டிக் குறைக்க 0-10 வோல்ட் முறை வந்தபோதும் நிலைமை இதுதான். ஒரு கம்பிச் சோடியில் கோத்த விளக்குகள் எல்லாம் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும்.

டாலி இந்த இரண்டையும் பிரித்தது. மின்சாரத்துக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த். கட்டளைக்குத் தனியாக இரண்டு கம்பிகள். ஒவ்வொரு விளக்கையும் இயக்கும் கருவியான டிரைவருக்கு ஒரு முகவரி. தெருவில் வீட்டுக்கு வீடு கதவிலக்கம் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் போகும் தபால்காரர் உரிய கடிதத்தை உரிய வீட்டில்தான் கொடுப்பார். ஒரு வரிசையில் 64 முகவரிகள். அந்த 64 விளக்குகளையும் 16 குழுக்களாகப் பிரிக்கலாம். 16 ஒளிக் காட்சிகளை டிரைவருக்குள்ளேயே பதிந்து வைக்கலாம். இன்று திருமண விருந்து, நாளை அலுவலகக் கூட்டம், மறுநாள் கூடத்தை நடுவில் தடுத்து இரண்டு அறை. எல்லாவற்றுக்கும் குழுவை மாற்றினால் போதும். ஒரு கம்பியைக்கூடத் தொட வேண்டாம்.

எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் தோழர்களே, அந்த விடுதலைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றைக் காப்பது யார் கையில் இருக்கிறது? இழுப்பவர் கையில் இருக்கிறது. அந்த ஒழுங்குகளை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஒழுங்கு, எண்ணிக்கை. 64 முகவரி என்றால் 64-ஐயும் நிரப்பிவிடாதீர்கள். நாளைக்கு விடுதிக்காரர் தாழ்வாரத்தில் நாலு விளக்கு சேர்க்கச் சொல்வார். 50, 52-ல் நிறுத்துங்கள். ஒரு டிரைவர் இந்த வரிசையிலிருந்து அதிகபட்சம் 2 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு வரிசையின் சப்ளை 250 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. சென்சாரும் சுவர்ப் பலகையும் அதிலிருந்துதான் பங்கு கேட்கும். சிறிய சப்ளையை மாட்டியிருந்தால் பங்கு இன்னும் குறுகும். முதலில் கூட்டிப் பாருங்கள், பிறகு இழுங்கள்.

இரண்டாம் ஒழுங்கு, தூரம். ஒரு வரிசையில் எந்த இரண்டு முனைகளுக்கு இடையிலும் 300 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த 300 மீட்டரும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால்தான். 0.75 போட்டால் 150 மீட்டர். 0.5 போட்டால் 100 மீட்டர். ஏன்? வழியில் விழும் மின்னழுத்தம் 2 வோல்ட்டைத் தாண்டினால் கடைசி விளக்குக்குக் கட்டளை தெளிவாகக் கேட்காது. முதல் விளக்கு கேட்கும், நடுவிளக்கு கேட்கும், கடைசி விளக்கு சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. அப்போது எல்லாரும் டிரைவரைத் திட்டுவார்கள். குற்றம் கம்பியின் கனத்தில் இருக்கும்!

மூன்றாம் ஒழுங்கு, வடிவம். டாலியை நேர்வரிசையாக இழுக்கலாம், கிளை பிரிக்கலாம், நட்சத்திரமாக நாலு பக்கமும் பிரிக்கலாம். டிரைவரில் ப்ளஸ், மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி விளக்கிலிருந்து கம்பியைத் திருப்பிக் கொண்டுவந்து முதல் விளக்கில் சேர்த்து வளையமாக மூடக் கூடாது. பக்கத்து வரிசையின் கம்பியோடு தவறிக்கூடச் சேர்க்கக் கூடாது. இரண்டு சப்ளைகள் ஒரே வரிசையில் மோதினால் இரண்டு தளங்களும் சேர்ந்து குழம்பும்.

நான்காம் ஒழுங்கு, பாதுகாப்பு. இந்தக் கம்பிச் சோடியில் ஓய்வு நேரத்தில் ஏறத்தாழ 16 வோல்ட் நேர்மின்னழுத்தம்தான் இருக்கும். 16 வோல்ட்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மின்சாரக் கம்பிகளோடு ஒரே உறைக்குள், ஐந்து கம்பிக் கேபிளாக இதைக் கொண்டுபோக அனுமதி உண்டு. அந்த அனுமதி இருப்பதாலேயே இதையும் 230 வோல்ட் கம்பியாக மதிக்க வேண்டும். அதே தரத்து இன்சுலேஷன் வேண்டும். மிச்சமிருக்கும் டெலிபோன் கம்பியை இதற்குப் போடாதீர்கள். எர்த்துக்குரிய பச்சை நிறத்தை இந்தச் சோடிக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். கட்டடம் முழுவதற்கும் ஒரே நிறச் சோடியைத் தேர்ந்தெடுத்து, டிபி கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். கட்டளைக் கம்பி அறுந்துவிட்டால் விடுதி இருண்டுவிடுமா? இருளாது! கம்பியில் மின்னழுத்தம் போய்விட்டால் டிரைவர் தன்னுள் பதிந்திருக்கும் பழுதுநிலை ஒளிக்குத் தானே போகும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது முழு ஒளி. ஆகவே ஒரு நடைவழி முழுவதும் காரணமில்லாமல் முழு ஒளியில் எரிந்து, எந்தக் கட்டளைக்கும் அசையாமல் நின்றால் முதலில் அந்தச் சோடியில் மல்டிமீட்டரை வையுங்கள். 16 வோல்ட் அளவில் காட்டினால் கம்பி உயிரோடு இருக்கிறது. பூஜ்யம் காட்டினால் சப்ளை போயிருக்கிறது, அல்லது எங்கோ இரண்டும் ஒட்டியிருக்கின்றன. கிளை கிளையாகக் கழற்றிப் பாருங்கள். எந்தக் கிளையைக் கழற்றியதும் 16 வோல்ட் திரும்புகிறதோ அந்தக் கிளையில் கோளாறு. ஒரு சாதாரண மீட்டர் போதும், பெரிய மென்பொருள் வேண்டாம்.

இன்னொன்று. இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் போடுகிறோம், நல்ல பழக்கம். ஆனால் 500 வோல்ட் மெக்கரை டிரைவர்களும் சென்சார்களும் மாட்டிய பிறகு போட்டால் என்ன ஆகும்? ஒரு நிமிடத்தில் ஒரு தளத்தின் மின்னணுக் கருவிகளைக் கொன்றுவிடலாம். கம்பி இழுத்ததும், கருவி மாட்டுவதற்கு முன், மெக்கர். அளவைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே டிரைவர். இந்த வரிசை மாறவே கூடாது.

இப்போது டிஎம்எக்ஸுக்கு வருகிறேன். கோடைக் காலத்தில் கட்டட முகப்பில் நிறம் மாறும் விளக்கு மாட்டச் சொல்கிறார்கள். அங்கே பெரும்பாலும் டிஎம்எக்ஸ்தான் வரும். அதன் ஒழுங்கு நேர் எதிரானது. நொடிக்கு 2,50,000 பிட் வேகம். ஆகவே முறுக்கிய சோடிக் கேபிள் வேண்டும். ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக மட்டுமே போக வேண்டும். நட்சத்திரமாகப் பிரிக்கக் கூடாது. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் அதற்குரிய ஸ்ப்ளிட்டர் வேண்டும். கடைசி விளக்கில் 120 ஓம் மின்தடையம் மாட்டியே தீர வேண்டும். இல்லாவிட்டால் கட்டளை முனையில் மோதித் திரும்பி, விளக்குகள் தாமாகத் துடிக்கும். டாலியோ நொடிக்கு 1,200 பிட் மட்டுமே போகிறது. அந்த மெதுவான நடைதான் அதற்குப் பலம்; சாதாரணக் கம்பி போதும், எப்படிப் பிரித்தாலும் தாங்கும். முதலில் கேளுங்கள், “இது டாலியா, டிஎம்எக்ஸா?” என்று. கேட்ட பிறகு பைப்பைத் தொடுங்கள்.

தோழர்களே, இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நம் மலைக்கென்றே உரியது.

நம் சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். கடினமான பாறை. மேல் முகடுகளில் பாக்சைட் மூடி. அந்த பாக்சைட் 1960களிலிருந்து மேட்டூருக்கு இறங்கி அலுமினியம் ஆனது. தெருக் கம்பங்களில் மின்சாரத்தைச் சுமக்கும் உலோகமும் அலுமினியம்தான். நாட்டுக்கு மின்கம்பியின் உலோகத்தைக் கொடுத்த மலை நம் மலை! ஆனால் அதே பாறை நமக்கு ஒரு சோதனையும் வைத்திருக்கிறது. பாறையில் மின்சாரம் எளிதாக இறங்காது. சமவெளியில் ஒரு குழி தோண்டினால் கிடைக்கிற எர்த், இங்கே ஒரு குழியில் கிடைக்காது. மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டும் எர்த், கோடையில் கைவிட்டுவிடும். ஆகவே எர்த் அளவைக் கோடையில் அளந்து பாருங்கள். ஒரு குழி போதாவிட்டால் பல மின்முனைகளைப் புதைத்து இணையுங்கள். கட்டடத்தின் இரும்பு, தண்ணீர்க் குழாய், கேபிள் டிரே எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் பிணையுங்கள்.

இதற்கும் விளக்குக் கட்டளைக்கும் என்ன தொடர்பு? இடி! ஏப்ரல், மே மாதங்களின் மாலை இடிமழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இங்கே விடுதிகள் ஒரே கட்டடமாக இருப்பதில்லை. சரிவில் அங்கொரு காட்டேஜ், இங்கொரு காட்டேஜ். நடுவில் காபிச் செடி, சில்வர் ஓக் மரங்கள். ஒரு காட்டேஜின் பக்கத்தில் இடி இறங்கினால் அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் கணநேரத்தில் எகிறும். அடுத்த காட்டேஜின் மண்ணில் அவ்வளவு இருக்காது. இரண்டையும் ஒரு செம்புக் கட்டளைக் கம்பியால் இணைத்திருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் எதன் வழியாகப் பாயும்? அந்தக் கம்பி வழியாகத்தான்! இரண்டு முனைகளிலும் இருக்கும் கருவிகள் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே கட்டளையை ஃபைபர் கேபிளில் அனுப்புங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஃபைபருக்கு வழியில்லையென்றால் இரண்டு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான் மாட்டுங்கள். மெயின் போர்டிலும் மாட்டுங்கள். தடுப்பானிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பி குட்டையாக, வளைவில்லாமல் போகட்டும்.

அடுத்தது ஈரம். மூட்டம் வெளியே மட்டும் நிற்பதில்லை. ஓட்டுக் கூரையின் இடுக்கில் நுழைந்து, சீலிங்குக்கு மேலே வந்து, ஜங்ஷன் பாக்ஸுக்குள் உட்காருகிறது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் சமவெளியில் நீண்ட காலம் தாங்கலாம், இங்கே தாங்காது. செம்பு பச்சை பூத்துவிடும். மின்சாரக் கம்பியில் அது சூடாகும், நாற்றம் வரும், கண்டுபிடித்துவிடலாம். கட்டளைக் கம்பியில் சூடும் வராது, நாற்றமும் வராது. கட்டளை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஆகவே டேப் ஜாயின்ட் வேண்டாம். நல்ல கனெக்டர் போடுங்கள். வெளிவிளக்குகளுக்கு நீர்புகாப் பெட்டி வேண்டும், கேபிள் கீழ்ப்புறமாக நுழைய வேண்டும், நுழையுமுன் தொங்கி வளைய வேண்டும். சீலிங்கில் வெறும் கம்பியைப் போட்டுவிட்டு இறங்காதீர்கள், எலி இருக்கிறது. பைப்புக்குள் விடுங்கள்.

பிறகு மின்தடை. காற்றிலும் மழையிலும் மரக்கிளை விழுந்து மின்சாரம் போவது நமக்குப் பழகியது. நள்ளிரவு 2 மணிக்கு மின்சாரம் திரும்புகிறது. என்ன நடக்கும்? டிரைவர்கள் தொழிற்சாலை அமைப்பிலேயே இருந்தால் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் முழு ஒளியில் விழிக்கும். தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். அத்தனை டிரைவர்களும் முதல் கணத்தில் ஒன்றாக இழுக்கும் மின்னோட்டத்தில் எம்சிபி விழவும் கூடும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. மின்சாரம் திரும்பும்போது எந்த அளவில் எரிய வேண்டும் என்பதை டிரைவருக்குள் பதியலாம், பதியுங்கள். ஒரு எம்சிபியில் எத்தனை டிரைவர் மாட்டலாம் என்பதைத் தயாரிப்பாளர் தாளில் அச்சிட்டிருப்பார்; படியுங்கள்.

பழைய தோட்ட பங்களாக்களை விடுதியாக மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கனமான கல் சுவர்களை உளியால் கொத்திப் பைப் பதிக்காதீர்கள். அங்கே கம்பியில்லாக் கட்டுப்பாடு, ப்ளூடூத் மெஷ், ஜிக்பீ போன்றவை நல்ல வழி. ஆனால் கல் சுவர் ரேடியோ அலையையும் தடுக்கும்; ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வாசல் வழியாகவாவது அலை போக வழி பார்த்துக் கருவிகளை வையுங்கள். கம்பியில்லா விளக்குக்கும் மின்சாரம் கம்பியில்தான் வர வேண்டும். ஒயர்மேனின் வேலை அங்கேயும் குறைவதில்லை.

சென்சாரை எங்கே வைப்பது? உடற்சூட்டின் அசைவைப் பார்க்கும் சென்சார் கண்ணாடிக்கு அப்பால் பார்க்காது; தடுப்புச் சுவருக்கு அப்பாலும் பார்க்காது. வெந்நீர் ஆவிக்கும் சூடான காற்றுக்கும் எதிரே அதை வைக்காதீர்கள். பகல் வெளிச்சச் சென்சாரை அது ஆளுகிற விளக்கே நேராகத் தாக்கும்படி வைக்காதீர்கள். நம் ஊரில் மூட்டம் வரும், போகும், மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் விளக்கு துள்ளினால் விருந்தினருக்குத் தலைவலி. ஏறுவதும் இறங்குவதும் மெல்ல நடக்கும்படி நேரத்தை நீட்டி வையுங்கள். சென்னைக் கட்டடத்துக்கு வைத்த நேரத்தை இங்கே அப்படியே பதியாதீர்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் வருகிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2007-ல் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகளை வெளியிட்டு, 2017-ல் புதுப்பித்தது. குறைந்தது 100 கிலோவாட் இணைப்புச் சுமை, அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள வணிகக் கட்டடங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. 300 சதுர மீட்டரைத் தாண்டிய கட்டடத்தில் உள்விளக்குகளில் 90 சதவீதத்துக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்றது அந்த 2017 விதி. நம் மலையின் பல விடுதிகள் இந்த எல்லைக்குக் கீழே இருக்கலாம். சட்டம் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டுமா? மின்கட்டணம் மாதா மாதம் தட்டிக்கொண்டுதானே இருக்கிறது!

இனி வெளிவிளக்கு. இதை நான் மனம் நொந்து சொல்கிறேன். நமக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் விண்நோக்கு நிலையம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் அந்த மலையில் இருந்தவர்களும் உண்டு. இருண்ட வானம் அங்கே அறிவியலுக்குச் செல்வம். நம் மலைக்கும் அது செல்வம்தான். மூட்டம் இல்லாத இரவில் நட்சத்திரம் பார்க்கவே இங்கே ஏறி வருகிறார்கள். காபித் தோட்டத்தின் ஓரமாகக் காட்டெருமை இரவில் நடக்கிறது. விடிய விடிய மரத்தின் மீது வெள்ளொளி பாய்ச்சுவது யாருக்காக? வெளிவிளக்கு கீழ்நோக்கி விழட்டும். இரவு 10 மணிக்கு முகப்பு விளக்கு தானே அணையட்டும். பாதை விளக்கு ஆள் வரும்போது உயர்ந்து, போனதும் தாழட்டும். இதற்காகத்தான் வெளிவிளக்குகளைத் தனி வரிசையில், தனிக் கடிகாரக் கட்டுப்பாட்டில் இழுக்கச் சொல்கிறேன். உள்விளக்கு வரிசையோடு கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கடினம்.

உலகம் எங்கே போகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் தி எட்ஜ் என்ற அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 6,000-க்கு மேற்பட்ட விளக்குகளுக்கு மின்சாரமும் கட்டளையும் அங்கே கணினிக் கேபிளிலேயே போகின்றன. 2018-ல் வந்த தரம் ஒரே ஈத்தர்நெட் கேபிளில் 90 வாட் வரை அனுப்ப வழி செய்திருக்கிறது. 100 மீட்டர் வரை. நாளை அந்தக் கேபிள் இங்கேயும் வரும். வரும்போது அதை முனை கட்டத் தெரிந்த கை யாருடையதாக இருக்கும்? உங்களுடையதாக இருக்க வேண்டும்!

இறுதியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். டாலி வரிசைக்கு முகவரி கொடுக்கும் நாளில் என்ன நடக்கிறது? கட்டுப்பாட்டுக் கருவி டிரைவர்களைத் தேடிக் கண்டுபிடித்து எண் கொடுக்கிறது. ஆனால் அந்த எண் வரிசைக்கும் நீங்கள் கம்பி இழுத்த வரிசைக்கும் தொடர்பே இருக்காது! வாசலில் உள்ள விளக்கு 37 ஆகலாம், அடுத்தது 5 ஆகலாம். ஒருவர் ஒவ்வொரு விளக்காகக் கண்சிமிட்ட வைக்க, இன்னொருவர் கட்டடம் முழுக்க நடந்து, “இது மூன்றாம் தளம், வடக்கு நடைவழி, இரண்டாம் விளக்கு” என்று படத்தில் குறிக்க வேண்டும். அந்தப் படம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு டிரைவர் கெடுகிறது. புதியதை மாட்டுகிறார்கள். புதியதற்கு முகவரி இல்லை; பழைய முகவரி யாருக்கும் தெரியாது. நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். அவர் வரும் வரை பொறுக்க முடியாமல் ஒருநாள் யாரோ ஒருவர் கட்டளைக் கம்பியைக் கழற்றிப் போட்டு, எல்லா விளக்குகளையும் முழு ஒளியில் நேராக எரிய விட்டுவிடுவார். அத்தோடு அந்தக் கட்டடத்தின் சேமிப்பு முடிந்தது. பல லட்சம் போட்டு வாங்கிய கருவிகள், ஒரு தாள் இல்லாததால் வீணாகும்.

விடுதி உரிமையாளர்களே, உங்களிடம் கேட்கிறேன். கருவிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அந்தப் படம் வரையும் நாளுக்கும் கூலி கொடுங்கள். ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஒயரிங் படம், முகவரிப் பட்டியல், மென்பொருளின் கடவுச்சொல், அமைப்பின் நகல் கோப்பு, இந்த நான்கும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. இது உங்கள் சொத்து, இன்னொருவர் மடிக்கணினியில் பூட்டிக் கிடக்கக் கூடாது.

ஒயர்மேன் தோழர்களே, உங்களிடமும் கேட்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் வரையுங்கள். சீலிங் மூடுமுன் ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸையும் கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு கம்பி முனையிலும் எண் மாட்டுங்கள். அந்தக் கட்டடத்தில் நாளை ஏணி வைத்து ஏறப்போகிறவர் உங்கள் தம்பியாக இருக்கலாம், உங்கள் மாணவராக இருக்கலாம், முகம் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். அவர் உங்கள் கையெழுத்தைப் படித்து வேலை செய்ய வேண்டும்.

ஐடிஐயில் மின்பணி படிக்கும் தம்பி தங்கைகளே, பைப் வளைக்கவும் போர்டு கட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். அத்தோடு முகவரி கொடுக்கவும், படம் வரையவும், தரத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இந்த மலையில் எழும் ஒவ்வொரு புதுக் கட்டடத்துக்கும் நகரத்திலிருந்து நிபுணர் ஏறி வரட்டும் என்று காத்திருக்கிற காலம் போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, இங்கேயே அந்த நிபுணர்கள் உருவாக வேண்டும். உங்களால் முடியும்; அதற்கு வேண்டிய கையும் கண்ணும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மீதியைக் கற்றுக்கொடுக்க எங்களைப் போன்றவர்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.